மரண அறிவிப்புக்கு ஒப்புதல் தேவையில்லை

கசோங்கோ நீர் வழங்கல் கழகத்தில் ஊழியர்களுக்கு ஒரு செய்தி போய்ச் சேர வேண்டுமென்றால் முதலில் அந்தச் செய்தியைக் கொல்ல வேண்டும். அந்த வேலைக்குத்தான் எட்சன் கபாசோ சம்பளம் வாங்கினான். அவன் அறைக் கதவில் 'உள்ளகத் தொடர்பு' என்று ஒரு பலகை தொங்கியது. பலகைக்குக் கீழே நிர்வாக இயக்குநர் முனைவர் பொறியாளர் கலாலுக்காவின் படம். படத்தில் அவர் ஒரு குழாயைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். கூர்ந்து பார்த்தால் தெரியும், குழாயில் தண்ணீர் இல்லை.

மாதம் ஒருமுறை 'துளி' என்ற இதழை எட்சன் கொண்டுவந்தான். முதல் பக்கத்தில் நிர்வாக இயக்குநர் ஒரு பயிலரங்கைத் தொடங்கிவைப்பார். நடுப்பக்கத்தில் அதே பயிலரங்கில் சாப்பிடுவார். கடைசிப் பக்கத்தில் முடித்துவைப்பார். தாள் வழுவழுப்பானது என்பதால் வறுத்த மீன் கட்டக்கூட உதவாது என்று ஊழியர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

இதழ் போக, 'நம் குடும்பம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. கழகத்தின் எல்லா ஊழியர்களும் அதில் இருந்தார்கள். அதில் பேசும் உரிமை எட்சனுக்கும் அவனுடைய மேலதிகாரி ஹோப் சிலேஷேவுக்கும் மட்டும்தான். குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஹோப் ஒருமுறை விளக்கினாள்.

மே தினத்துக்கு முந்தைய வாரம் லாக்சன் ஜிம்பா அவனைத் தேடி வந்தார். சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போடுகிறவர். நெட்டையானவர். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். ஆனால் பெயருக்கு முன்னால் 'பா' சேர்த்து மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

"பா எட்சன், ஒரு நியூஸ் இருக்கு. உங்க பேப்பர்ல போடற மாதிரி அழகான நியூஸ் இல்ல."

"சொல்லுங்க."

"குளோரின் ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் எரிஞ்சுபோச்சு. அலாரமும் செத்துப்போச்சு. வால்வுல கேஸ் லேசாக் கசியுது."

"இஞ்சினியர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பனா? டெண்டர் விட்டுத்தான் ஃபேன் வாங்கணுமாம். எங்களுக்குப் பழகிடுச்சு, விடுங்க. கதவத் தொறந்து வச்சிட்டு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து தள்ளி நிப்போம். ஒரு சிகரெட் முடிஞ்சதும் முகமூடிய மாட்டிக்கிட்டு உள்ள போவோம். இருக்கறதே ஒரு முகமூடி, அதையும் பீரோல பூட்டி வச்சிருக்கோம், திருட்டுப்போகாம."

"அப்புறம் என்ன பிரச்சனை?"

"மே தினம்தான் பிரச்சனை. எங்க ஆளுங்க எல்லாரும் ஊர்வலத்துல நடக்கணுமாம். நாங்க உயரமா இருக்கோமாம், பாக்க நல்லாருக்குமாம். அன்னிக்கு எங்க வேலைக்கு மீட்டர் பாக்கறவங்கள்ல ஒருத்தர அனுப்புவாங்க. அன்னிக்குக் காலைலதான் சிலிண்டர் மாத்தற நாள். அதுங்களுக்கு என்ன தெரியும்? சாவியக் குடுத்தா நேரா உள்ள போயி நிக்கும். அப்புறம் தூக்கிட்டு வர நாலு பேர் வேணும்."

"யாரை அனுப்புவாங்க?"

"காலைலதான் தெரியும். ஊர்வலத்துல நடக்க லாயக்கில்லாத குள்ளமா யாராவது."

"கதவுல ஒரு பேப்பர் ஒட்டலாமே, பா லாக்சன்."

லாக்சன் சிரித்தார். "ஒட்டுனேன். உங்க மேடம் ஆள விட்டுக் கிழிக்கச் சொல்லிட்டாங்க. அனுமதியில்லாத போஸ்டர் ஒட்டுனா கழகத்தோட பேர் கெட்டுடுமாம்."

அவர் போனதும் எட்சன் மீட்டர் பிரிவின் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னான். மறுமுனையில் அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"சர்குலர் வந்திருக்கா?"

"இன்னும் இல்ல சார். அதான் வாயால சொல்றேன்."

"வாயால வர்றது வதந்தி தம்பி. போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் வாயால சொல்லி சஸ்பெண்ட் ஆனான். சர்குலர் வரட்டும், நானே சத்தமாப் படிச்சுக் காட்டறேன்."

எட்சன் சுற்றறிக்கையை எழுதினான். நான்கு வரி. குளோரின் அறையில் விசிறி வேலை செய்யவில்லை. தனியாக உள்ளே போகாதீர்கள். முகமூடி இல்லாமல் போகாதீர்கள். போனால் இறந்துவிடுவீர்கள்.

ஹோப் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தாள். அவள் தலைக்குப் பின்னால் சட்டம் போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாமே தகவல் தொடர்புக்காக வாங்கியவை.

"போகாதீங்க, போகாதீங்க, செத்துடுவீங்க. என்ன எட்சன் இது? ஒரே அபசகுனமா இருக்கு."

"விஷ வாயு மேடம்."

"விஷங்கற வார்த்தையே நாம எழுதக்கூடாது. நாம தண்ணி விக்கறவங்க. தண்ணியும் விஷமும் ஒரே பக்கத்துல வந்தா பேப்பர்காரன் என்ன பண்ணுவான்? கொஞ்சம் இதமா எழுது. ஊழியர்களுக்கு நம்பிக்கை வரணும்."

"நம்பிக்கை வந்துச்சுன்னா உள்ள போயிடுவாங்க மேடம்."

அவள் அவனைப் பார்த்தாள். மனைவியை இழந்தவன் என்பதால் அவனிடம் கோபப்படக்கூடாது என்று அவள் முடிவெடுத்திருந்தது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"நான் சுற்றுக்கு விடறேன்," என்றாள்.

சுற்று என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். பணியாளர் பிரிவு 'தனியாக' என்ற சொல்லை எடுத்தது. ஆள் பற்றாக்குறை இருப்பதாகத் தொழிற்சங்கம் அர்த்தம் எடுத்துக்கொள்ளுமாம். சட்டப் பிரிவு 'இறந்துவிடுவீர்கள்' என்பதை 'அசௌகரியம் ஏற்படக்கூடும்' என்று மாற்றியது. பொறியியல் பிரிவுக்கு 'வேலை செய்யவில்லை' பிடிக்கவில்லை. 'மேம்படுத்தப்பட்டு வருகிறது' என்று எழுதினார்கள். கடைசியாக அது நிர்வாக இயக்குநரின் செயலாளரிடம் போனது. ஐயாவின் படம் எங்கே என்று ஒரே ஒரு கேள்வியோடு அது திரும்பி வந்தது.

மே தினத்துக்கு முந்தைய நாள் இறுதி வடிவம் எட்சனின் மேசைக்கு வந்தது. 'குளோரின் அறையின் காற்றோட்டம் மேம்படுத்தப்பட்டு வருகிறது. இந்தப் பயணத்தில் துணைநிற்கும் ஊழியர் குடும்பத்துக்கு நிர்வாக இயக்குநர் நன்றி தெரிவிக்கிறார்.' பக்கத்தின் பாதியை அவர் படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஹோப் பச்சை மையில் எழுதியிருந்தாள்: விழாவுக்குத் துணை அமைச்சர் வருகிறார், எனவே விழா முடிந்த பிறகு வெளியிடவும்.

எட்சன் அதை மேசை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். கோபம் வரவில்லை. அவனுக்கு இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. மக்காச்சோளக் களியைக் கிளறினான். இரண்டு பேருக்குக் கிளறிவிட்டு, பாதியை வழக்கம்போல் பக்கத்து வீட்டு நாய்க்கு வைத்தான்.

அவன் மனைவி முதிந்தா, மழை தொடங்கிய மாதத்தில் இறந்தாள். மூளைக்கு ஏறிய மலேரியா. அவன் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஹோப் தொலைபேசியில் அழைத்தாள். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றாள். கொஞ்சம் அழுதாள் என்றுகூடச் சொல்லலாம். பிறகு, "எட்சன், மரண அறிவிப்பு டெம்ப்ளேட் உன்கிட்டதானே இருக்கு?" என்று கேட்டாள்.

அவனிடம்தான் இருந்தது. பழைய பெயரை அழித்துவிட்டு மனைவியின் பெயரை இட்டான். 'உள்ளகத் தொடர்புப் பிரிவின் எட்சன் கபாசோவின் மனைவி' என்று அடித்தான். கடைசிப் பத்தியில் நிர்வாக இயக்குநரின் ஆழ்ந்த இரங்கல் ஏற்கெனவே இருந்தது. அவள் சாவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது. அதை அப்படியே விட்டான். குழுவில் அனுப்பினான்.

எந்தப் பிரிவும் எதையும் திருத்தவில்லை. யாரும் படம் கேட்கவில்லை. சாவு காத்திருக்காது என்பதால் மரண அறிவிப்புக்கு மட்டும் ஒப்புதல் வேண்டாம் என்பது கழகத்தின் வழக்கம். அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் கழகப் பேருந்து வாசலில் நின்றது. விறகு இறங்கியது, மாவு மூட்டை இறங்கியது. அவனோடு ஒரு வார்த்தை பேசியிராத குமாஸ்தாக்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அவன் எழுதியவற்றில் அனுப்பியவுடன் எல்லோரும் படித்தது அந்த ஒன்றைத்தான்.

களிப் பானையைக் கழுவும்போது இது நினைவுக்கு வந்தது. பானையைக் கவிழ்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தான்.

டெம்ப்ளேட்டில் அவள் பெயர் இன்னும் இருந்தது. அவளுக்குப் பின் கழகத்தில் யாரும் சாகவில்லை. அதை அழிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு எழுதினான்.

'மரண அறிவிப்பு. மே தினத்தன்று காலை சுத்திகரிப்பு நிலையத்தின் குளோரின் அறைக்குள் முகமூடி இல்லாமல் போகும் நம் சக ஊழியர் இறந்துவிடுவார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். அறையில் விசிறி எரிந்துவிட்டது, விஷ வாயு கசிகிறது. இறக்கப்போகிறவரின் பெயர் காலையில்தான் தெரியவரும். துக்கம் நடக்கும் இடம்: சுத்திகரிப்பு நிலையம்.'

கடைசியில் இரங்கல் பத்தி நின்றது. அதையும் அழித்தான்.

உடனே அனுப்பினால் ஹோப் பார்த்து நீக்கிவிடுவாள். விடிந்து, எல்லோரும் ஊர்வலத் துணியை மாட்டிக்கொண்டு பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அனுப்பினான். அனுப்பிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

நிலையத்தின் வாசலில் மாமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மீட்டர் பிரிவின் டோரிஸ் கடோங்கோ. குள்ளமானவள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, காலை நீட்டி, தலையில் துணி கட்டி, துக்க வீட்டில் உட்காரும் விதமாகவே உட்கார்ந்திருந்தாள். மடியில் குளோரின் அறையின் சாவி இருந்தது.

எட்சன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். "டோரிஸ், உள்ள போனீங்களா?"

"எப்படிப் போவேன்? சாவு விழுந்திருக்கு. சாவு விழுந்த இடத்துல வேலை செய்யறது உங்க ஊர்ல வழக்கமா?"

"அறிவிப்பப் படிச்சீங்கல்ல?"

"மரண அறிவிப்புன்னு படிச்சேன். சுத்திகரிப்பு நிலையம்னு படிச்சேன். போதாதா? மிச்சமெல்லாம் எம்.டி.யோட வருத்தம்தானே, அத யாரு படிப்பா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "யாரு பா எட்சன் போனது? பிளான்ட்ல ஒருத்தரையும் காணோம். நான் மட்டும் தனியா அழுதுகிட்டிருக்கேன்."

"யாரும் சாகல."

"யாருமே?"

"யாருமே."

டோரிஸ் எழுந்து பின்பக்க மண்ணைத் தட்டினாள். "நல்ல கூத்து. அப்ப நான் போயி சிலிண்டர மாத்திட்டு வந்துடறேன். லேட்டானா சூப்பர்வைசர் கத்துவாரு."

அவள் கதவை நோக்கி நடந்தாள். எட்சன் பின்னால் போய் அவள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினான். மழைக்காலத்துக்குப் பிறகு அவன் உடம்பு தானாகச் செய்த முதல் காரியம் அது.

"வலிக்குதுல்ல! என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவன் பதில் சொல்வதற்குள் பேருந்து வந்துவிட்டது. அதன் பின்னால் இன்னொன்று. ஊர்வலத்துக்குக் கிளம்பிய மொத்தக் கழகமும் வழியை மாற்றிக்கொண்டு வந்திருந்தது. எல்லோரும் நிர்வாக இயக்குநரின் முகம் அச்சடித்த பச்சைத் துணியில் இருந்தார்கள். பெண்கள் அதை இடுப்பில் சுற்றியிருந்தார்கள். தையற்காரர் அளவு பார்த்து வெட்டியதில் அந்த முகம் சரியாக உட்காரும் இடத்தில் வந்திருந்தது. இறங்கும்போதே ஒப்பாரி தொடங்கிவிட்டது. விறகு இறங்கியது, மாவு இறங்கியது, எங்கிருந்தோ இரண்டு பானைகளும் இறங்கின.

மீட்டர் பிரிவின் மேற்பார்வையாளர் எட்சனின் தோளைத் தொட்டார். "சர்குலர் வந்துச்சு, உடனே கிளம்பி வந்தோம். எல்லாத்தையும் முறையாச் செய்யணும் தம்பி. யாரு?"

எட்சன் பேருந்தின் படியில் ஏறி அறிவிப்பை முழுவதுமாகச் சத்தமாகப் படித்தான். ஒப்பாரி ஒவ்வொரு குரலாக நின்றது.

உணவக அம்மாள் பானா சோலாதான் முதலில் கேட்டாள். "அப்படின்னா இன்னும் சாகலையா?"

"இல்லம்மா."

"மாவு ஒரு மூட்டை வாங்கிட்டோமேப்பா."

லாக்சன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஊர்வலத்துக்கான வெள்ளைக் கையுறை மாட்டியிருந்தார். "இவங்களுக்குப் படிச்சா ஏறாது, பா எட்சன். காட்டணும்." ஆய்வகத்திலிருந்து அம்மோனியாப் புட்டியை எடுத்துவந்து, ஒரு கந்தலை நனைத்து, குச்சியில் கட்டி, பூட்டிய கதவின் அடியில் நீட்டினார். கதவிடுக்கிலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு எழுந்தது. குளோரின் இருந்தால் அப்படித்தான் புகையும்.

டோரிஸ் அந்தப் புகையைப் பார்த்தாள். பிறகு தன் வெறும் கையைப் பார்த்தாள். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் நிர்வாக இயக்குநரின் கார் வந்தது. ஊர்வலத் திடலில் துணை அமைச்சர் முன்னால் கழகத்தின் பெயர்ப்பலகையை இரண்டு காவலாளிகள் மட்டும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். ஆனாலும் சாவு என்றால் அவர் வந்துதான் ஆக வேண்டும். கறுப்புக் கோட்டோடு வந்தார். ஹோப் ஒலிபெருக்கியைப் பிடித்தாள். புகைப்படக்காரன் முட்டி போட்டான்.

"இங்கே கூடியிருக்கும் பெரியோர் அனைவரையும் அவரவர் தகுதிக்கேற்ப வணங்குகிறேன்," என்று நிர்வாக இயக்குநர் தொடங்கினார். "நம் அன்புக்குரிய..."

நிறுத்தினார். ஹோப்பின் பக்கம் சாய்ந்தார். "பேரு என்ன?"

ஹோப் எட்சனைப் பார்த்தாள். "பேரு என்ன எட்சன்?"

ஒலிபெருக்கி எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. கழக வரலாற்றில் அது மட்டும்தான் திருத்தப்படாமல் வெளியான உரை.

"இன்னும் பேர் கிடைக்கல சார்," என்றான் எட்சன். "யாரையாவது உள்ள அனுப்பினா கிடைச்சிடும்."

யாரோ சிரித்தார்கள். லாக்சன் புகையும் குச்சியை உயர்த்திக் காட்டினார். "நீங்களே பாக்கறீங்களா சார்? சாவி இங்கதான் இருக்கு."

நிர்வாக இயக்குநர் புகையைப் பார்த்தார். காருக்குள் ஏறினார். கண்ணாடி மேலேறியது. உள்ளே அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

மதியத்துக்குள் விசிறி வந்துவிட்டது. தலைமை அலுவலகத்தில் அதிகாரிகள் சாப்பிடும் அறையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார்கள். டெண்டர் பற்றி யாரும் பேசவில்லை. அதை மாட்டும்வரை கூட்டம் கலையவில்லை. மாவு வந்துவிட்டது, விறகும் வந்துவிட்டது, களி கிளறிச் சாப்பிட்டார்கள். நல்ல சாவு என்று பேசிக்கொண்டே பேருந்தில் ஏறினார்கள்.

அடுத்த வாரம் விசாரணை. குற்றச்சாட்டுகளில் முதலாவது, நிர்வாக இயக்குநரின் இரங்கல் பத்தியை அனுமதியின்றி நீக்கியது. பொய்ச் சாவு அதற்குப் பிறகுதான் வந்தது. குளோரினைப் பற்றி எதுவும் இல்லை.

"அந்தப் பத்திய ஏன் எடுத்த?" என்று கேட்டாள் ஹோப்.

"உயிரோட இருக்கறவங்களுக்கு எதுக்கு மேடம் இரங்கல்?"

"அது டெம்ப்ளேட், எட்சன். அதுல கை வைக்கக்கூடாது. உன் மனைவிக்குக்கூட நீ வைக்கலையே."

"அன்னிக்கே வச்சிருக்கணும்," என்றான் எட்சன்.

அவனை மீட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். மரண அறிவிப்புகளும் இனி எல்லாப் பிரிவுகளின் ஒப்புதல் பெற்றே வெளியாகும் என்று ஓர் ஆணை வந்தது. அதற்குப் பிறகு முதலில் இறந்தது நிர்வாக இயக்குநருடைய ஓட்டுநரின் தாய். அறிவிப்பு சுற்றில் போய், திருத்தப்பட்டு, படத்தோடு வெளிவந்தபோது கிழவியைப் புதைத்தாகிவிட்டது. கழகப் பேருந்து விறகோடு போய், பூட்டிய வீட்டின் முன் நின்றுவிட்டுத் திரும்பியது. அந்த மாத 'துளி'யின் முதல் பக்கத்தில் புதிய விசிறியும் நிர்வாக இயக்குநரும் இருந்தார்கள். 'மே தினத்தில் ஊழியர் குடும்பத்தோடு.' படத்தின் ஓரத்தில், தரையில் உட்கார்ந்த யாரோ ஒருவரின் முழங்கால் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. டோரிஸ் அது தன்னுடையதுதான் என்றாள்.

அவளிடம்தான் எட்சன் வேலை கற்றுக்கொண்டான். தெருத்தெருவாக நடந்தார்கள். நாய் இருக்கும் வீடு எது, பணம் கட்டாமல் ஒளிந்துகொள்ளும் வீடு எது என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மதிலோரம் நின்று மீட்டர் மூடியின் மேலிருந்த மண்ணைத் தள்ளும்போது கேட்டாள்.

"உங்க வீட்டம்மா போனப்ப வந்த அறிவிப்பையும் நான் தலைப்போட விட்டுட்டேன். வந்து உக்காந்தேன், சாப்பிட்டேன், போயிட்டேன். என்ன எழுதியிருந்தீங்க?"

"பேரு மட்டும்தான் நான் எழுதுனது."

"என்ன பேரு?"

"முதிந்தா."

டோரிஸ் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு குனிந்து மீட்டரைப் பார்த்தாள். முள் அசையவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. "தண்ணி எப்ப வரும்? கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்!"

எட்சன் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "குழாய் உடைஞ்சு கிடக்கு, அம்மா. இந்த மாசம் வராது. பக்கெட்ட எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போங்க."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றாள் அவள்.

டோரிஸ் அடுத்த வீட்டுக்கு நடக்கத் தொடங்கியிருந்தாள். அவன் பின்னால் போனான்.